ஆடுகள் என்னை மாடு என்று நினைக்கின்றன

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

இன்று காலை ஐந்து மணி நாற்பத்தேழு நிமிடத்துக்கு உங்கள் செய்தி என் போனுக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் நலமா என்று முதலில் கேட்பதுதான் முறை. ஆனால் விடிவதற்குள் எழுந்து, லாரி பேசி, வியாபாரியையும் பேசி முடித்துவிட்ட ஒருவர் நலமாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் நலம். ஆடுகள் ஒன்பதும் நலம். கிடேரிகள் இரண்டும் நலத்துக்கு ஒரு படி மேலேயே இருக்கின்றன. கார் மட்டும் நலமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பியதை அப்படியே திருப்பி எழுதுகிறேன், நான் அப்படியெல்லாம் சொல்லவில்லை என்று நாளைக்கு நீங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக: “லாரி சொல்லியாச்சு. ஞாயிறு காலைல வரும். ஆடு மாடு எல்லாத்தையும் வியாபாரி எடுத்துக்குறார். நீ வீட்டைப் பூட்டிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு. அங்க உன்னைப் பாத்துக்குவாங்க. மறுபேச்சு வேண்டாம்.” மறுபேச்சு வேண்டாம் என்றதால் பேசவில்லை, எழுதுகிறேன். போனில் பேசினால் நான் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் “சத்தமா பேசு, சத்தமா பேசு” என்பீர்கள். சத்தமாகப் பேசினால் “யார்கிட்ட சத்தம் போடுற?” என்பீர்கள். மாப்பிள்ளையை ‘நீ’ என்று கூப்பிடுகிற மாமனார் எங்கள் சொந்தத்தில் நீங்கள் ஒருவர்தான். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களை வாழ்நாள் முழுக்க மிரட்டியே பழகிய வாய், அது ரிட்டயர் ஆகவில்லை, நீங்கள்தான் ஆகியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை உங்கள் பக்கம் லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற என் நண்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். மாலைக்குள் உங்கள் கையில் இருக்கும்.

உங்களுக்கு இங்கிருந்து செய்தி சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா. “மாப்பிள்ளை கார் ஷெட்டுக்குள்ள ஆட்டோட ஆடா உக்காந்திருக்காரு, கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறாரு, சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க” என்று சொல்லியிருப்பார். சொன்னது முழுக்க உண்மை. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் உண்மையை மட்டும் சொன்னால் அது கோள் சொல்வதுதான். காரணத்தை நான் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஊர்க் குப்பை கொட்டுகிற பள்ளம் இருப்பதை நீங்கள் வந்தபோதே பார்த்து மூக்கைச் சுளித்தீர்கள். அதில் ஒரு நாய்க்கூட்டம் இருக்கிறது. குப்பையில் கிடைப்பது அலுத்துப்போனால் மாலையில் வேலி ஓரம் வந்து வரிசையாக உட்கார்ந்து எங்கள் ஆடுகளைப் பார்க்கும், ஓட்டல் வாசலில் இடம் காலியாகும் வரை காத்திருப்பவர்கள் மாதிரி. உங்கள் மகள் இருந்தபோதே இரண்டு குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் லிஃப்ட் என்ஜினியர். எனக்குத் தெரிந்த வழியில் யோசித்தேன். ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரிகிற விளக்கை வேலியில் மாட்டினேன். நாய்கள் வந்தன, விளக்கு எரிந்தது, நாய்களுக்கு ஆடுகள் முன்பைவிட நன்றாகத் தெரிந்தன. விளக்கைக் கழற்றிவிட்டு லிஃப்டில் வைக்கிற அபாய மணியை மாட்டினேன். மணி அடித்ததும் நாய்கள் உட்கார்ந்துகொண்டன, ஆடுகள்தான் பயந்து வேலியை உடைத்துக்கொண்டு நாய்கள் இருக்கிற பக்கமே ஓடின. கடைசியாக லிஃப்டில் பேசுகிற பெண் குரலைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தேன். ‘தயவுசெய்து கதவை விட்டு விலகி நில்லுங்கள்’ என்று அது சொல்லும். நம்ப மாட்டீர்கள், அது வேலை செய்தது. நாய்கள் உண்மையிலேயே நாலடி விலகி நின்று யோசித்தன. இரண்டு மாலை ஓடியது. மூன்றாவது மாலை பெட்டி மேலேயே ஒரு நாய் காலைத் தூக்கிவிட்டது, அதற்குப் பிறகு குரலுக்கு மரியாதை போய்விட்டது. இதில் நஷ்டப்பட்டவர் தையல்கார அக்காதான். இருட்டினதும் எங்கிருந்தோ ஒரு பெண் கதவை விட்டு விலகு, விலகு என்று சொன்னால் யார் வெளியே வருவார்? அத்தனை மாலையும் சன்னல் கம்பி வழியாகவே வாடிக்கையாளருக்கு அளவு எடுத்தாராம். அவர் உங்களிடம் கோள் சொன்னதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

அப்போதுதான் உங்கள் மகள் இரண்டு கிடேரிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். ஒன்று ஏறக்குறைய முழு வளர்ச்சி, பார்வையிலேயே அதிகாரம், அதற்கு ‘மேடம்’ என்று பெயர் வைத்தாள். மற்றது கொஞ்சம் சின்னது, எப்போதும் மேடம் செய்வதையே செய்யும், அதற்கு ‘மிஸ்’. “ஆட்டை நாய் தின்னுதுன்னு சொன்னா மாடு வாங்கிட்டு வர்றியே, நாய்க்குப் பத்தலைன்னா?” என்று கேட்டேன். அவள் என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

“இங்க பாரு. ஆட்டுக்குப் பயப்பட மட்டும்தான் தெரியும், யார் பின்னாடி போய் நிக்கணும்னு தெரியாது. மாட்டுக்கு நாய்ப் பயமும் இல்ல, ஆட்டு மேல அக்கறையும் இல்ல. ரெண்டையும் ஒரே கொட்டில்ல சில வாரம் அடைச்சு வெச்சிட்டா, அப்புறம் ஆடு மாட்டை விட்டு நகராது. மேயப் போனாலும் கூடவே போகும். நாய் வந்தா ஓடிப்போய் மாட்டுக் கால் நடுவுல நின்னுக்கும்.”

“மாடு போய் ஆட்டுக்காகச் சண்டை போடுமா?”

“போடாது. அது தனக்காகத்தான் முறைக்கும். ஆனா ஆடு பின்னாடி இருக்கே, பொழச்சிக்கும்.”

“இதுல மாட்டுக்கு என்ன லாபம்?”

“ஒண்ணுமில்ல. பழகிடும், அவ்வளவுதான்.”

“நம்ம கல்யாணம் மாதிரியா?”

“ஆமா,” என்றாள். “நீ ஆடு.”

அந்த வாரமே காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதற்கு மேல் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எழுத வேண்டியதில்லை. நீங்கள் வந்து தங்கியிருந்த நாட்களில் முன்னறையில் நீங்கள் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தீர்கள், நான் கதவு ஓரம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஃபேன் சுற்றியது. கிளம்பும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். நான் எழுந்து நின்றேன். “பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் பார்த்தேன், மாமா. கம்மியாகத்தான் இருந்தது.

நீங்கள் போன பிறகு வீட்டில் நானும், வெளியே கட்டிப்போட்ட இடத்திலேயே நிற்கிற மேடமும் மிஸ்ஸும், பயந்தபடி மெல்லுகிற ஒன்பது ஆடுகளும்தான். கம்பெனியில் “எவ்வளவு நாள் வேணுமோ எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு நாள் வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாய்கள் மறுபடி வேலி ஓரம் வந்து உட்காரத் தொடங்கியிருந்தன. சரி, அவள் ஆரம்பித்ததை முடிப்போம் என்று கிளம்பினேன். நல்ல சுவரும் கூரையும் உள்ள இடம் என்றால் கார் ஷெட்தான். அதைக் காலி பண்ண வேண்டுமென்றால் காரை ரிவர்ஸில் வெளியே எடுக்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன் என்று இரண்டு முறை எனக்கு லைசென்ஸ் கொடுக்காமல் திருப்பி அனுப்பியவர் நீங்கள். அந்த முடிவு தவறு என்று இத்தனை வருடம் உங்கள் மகளிடம் வாதாடியிருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கார் இப்போது பின்பக்கம் கேட் தூணைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறது. தூணை இடித்தால்தான் காரை எடுக்க முடியும், காரை எடுத்தால்தான் தூணை இடிக்க முடியும்.

ஷெட்டுக்குள் வைக்கோல் போட்டு, தண்ணித் தொட்டி வைத்து, எல்லாரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். முதல் நாள் மேடமும் மிஸ்ஸும் ஒரு சுவர் ஓரம், ஆடுகள் ஒன்பதும் எதிர்ச் சுவர் ஓரம். பெண் பார்க்க வந்த இடத்தில் பேச்சு முறிந்துபோன இரண்டு வீட்டார் மாதிரி. நெற்றியில் கறுப்புப் புள்ளியோடு ஒரு குட்டி இருக்கிறதே, ‘பட்டன்’ என்று உங்கள் மகள் கூப்பிடுவாளே, அது மட்டும் தைரியமாக நடுவில் போய் மேடத்தின் வாலை முகர்ந்தது. மேடம் ஒரு உதை விட்டாள். குட்டி பறந்து வந்து வைக்கோலில் விழுந்தது, அடி ஒன்றுமில்லை. ஆனால் இன்னொரு உதை விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு கட்சிக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். மாமா, நான் செய்த தவறு அந்த நாற்காலிதான். வேறு யாராவது ஒரு தடுப்புப் பலகை வைத்திருப்பார்கள். எனக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது, உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். காபியை அங்கேயே குடித்தேன், பிஸ்கட்டை அங்கேயே தின்றேன், லிஃப்ட் கம்பெனிக்காரன் கொடுத்த பராமரிப்புப் புத்தகத்தை அங்கேயே சத்தம் போட்டு வாசித்தேன். கயிற்றின் தேய்மானம் பற்றிய பகுதி ஆடுகளுக்குப் பிடித்திருந்தது, அசைபோடாமல் கேட்டன. கதவு மோட்டார் வந்ததும் எழுந்து போய்விட்டன. வாரங்கள் போகப் போக ஆடுகள் எதிர்ச் சுவரை விட்டு நகர்ந்து நகர்ந்து நடுப்பக்கம் வந்தன. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து பார்த்தால் ஒன்பதும் நெருக்கியடித்துப் படுத்திருக்கின்றன, பட்டன் என் செருப்பு மேலேயே தலையை வைத்துத் தூங்குகிறது. மேடம் பின்னால் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தாள். ஆகா, ஆடுகள் மாட்டுப் பக்கம் வந்துவிட்டன, காரியம் பலித்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம். தையல்கார அக்கா சுவர் மேலே எட்டிப் பார்த்து “தம்பி, என்ன பண்றீங்க?” என்று கேட்டார். “பழக்கிக்கிட்டிருக்கேன்க்கா” என்றேன். “யாரை?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எவ்வளவு விஷயம் இருந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

கதவைத் திறக்கிற நாள் வந்தது. மேடமும் மிஸ்ஸும் நேராகப் புல்லுக்குப் போனார்கள். ஆடுகள் பின்னாலேயே போகும் என்று நான் ஓரமாக நின்றேன். ஆடுகளும் ஓரமாக நின்றன. நான் இடது பக்கம் நகர்ந்தேன், ஒன்பதும் இடது பக்கம் நகர்ந்தன. தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து ஒளிந்தேன். ஒன்பதும் வந்து குனிந்து ஒளிந்தன. புரிந்துவிட்டது, மாமா. பாடம் சரி, மாணவர்கள் கெட்டிக்காரர்கள், வாத்தியார்தான் தவறான இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஷெட்டில் எந்த நேரமும் இருந்த, யாரையும் உதைக்காத, சும்மா மென்றுகொண்டே இருந்த பெரிய பிராணி நான்தான். ஆடுகள் என்னைத்தான் மாடு என்று நினைக்கின்றன.

நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம், ஆனால் அன்று மாலையே நாய்க்கூட்டம் வேலிக்குள் புகுந்துவிட்டது. ஆடுகள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஒன்பதும் பாய்ந்து வந்து என் காலைச் சுற்றி நின்றுகொண்டன, பட்டன் என் இரண்டு காலுக்கும் நடுவில். எதிரே நாய்கள். பின்வாங்கலாம் என்றால் ஆடு, முன்னால் போகலாம் என்றால் நாய். எனக்குக் கல் எடுக்கத் தோன்றவில்லை, கத்தத் தோன்றவில்லை. கையை நீட்டி, லிஃப்டில் வருகிற அதே தொனியில், “தயவுசெய்து கதவை விட்டு விலகி நில்லுங்கள்” என்றேன். வாயில் வந்தது அதுதான், மாமா. நாய்கள் நின்றன. ஒன்றையொன்று பார்த்தன. பிறகு வாலை மடக்கிக்கொண்டு ஓடின பாருங்கள், வேலியில் ஒன்று மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஓட்டம். என் குரலில் இவ்வளவு இருக்கிறதா என்று நான் மார்பை நிமிர்த்தி நிற்கும்போது பிடரியில் சூடாக ஒரு மூச்சு விழுந்தது. திரும்பினால் மேடம். தலையைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணை விரித்துக்கொண்டு, பக்கத்தில் மிஸ்ஸையும் நிறுத்திக்கொண்டு. ஆடுகள் என் பின்னாடி ஒளிஞ்சா, மேடம் என் பின்னாடி வந்து நிக்கிறா. என்னைக் காப்பாத்த இல்ல, அவ புல்லைக் காப்பாத்த. ஆனா நான் பொழச்சேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, மெயின் ரோட்டு ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இழுத்து இழுத்துப் போகிறது, வேறு ஆள் இல்லை, வர முடியுமா என்றார்கள். நடந்து போகிற தூரம்தான். ஆடுகளைப் பட்டியில் அடைத்து, தாழ்ப்பாள் போட்டு, மேல்சட்டையை மாற்றி அடையாளம் தெரியாமல் பின்வழியாகக் கிளம்பினேன். கட்டட வாசலில் வாட்ச்மேன் சல்யூட் அடித்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தான்.

“சார், இவங்க எல்லாம் உங்ககூட வந்தவங்களா?”

திரும்பிப் பார்த்தால் ஒன்பது பேரும், ரோட்டு ஓரமாக, ஒழுங்காக, ஒருவர் பின் ஒருவராக. தாழ்ப்பாள் என்ன ஆனது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

“இல்ல,” என்றேன். பட்டன் என் பேன்ட்டைக் கடித்து இழுத்தது.

“அப்ப எந்த மாடிக்குப் போறாங்கன்னு கேட்டு எழுதணும் சார்,” என்றான். கடமை தவறாதவன்.

கட்டட மேனேஜர் அப்போதுதான் அவசரமாக வந்தார். அவருக்கும் எனக்கும் ஆகாது. மின்சாரம் நின்றால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்கு இறக்கிக் கதவைத் திறந்துவிடுகிற பேட்டரிக் கருவி ஒன்று இருக்கிறது, வாங்கி வையுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்தபோதெல்லாம் “எதுக்கு சார், எப்பத் தேவைப்படப் போகுது?” என்று மடித்து வைத்தவர். அவர் லிஃப்டுக்குள் ஏறினார், நான் ஏறினேன், கதவு மூடுவதற்குள் ஒன்பதும் ஏறிவிட்டன. எடை கூடிப்போச்சு என்று மணி அடித்தது. “எட்டுப் பேருன்னு போட்டிருக்கு, ஆடு பேர்ல சேருமா சேராதா?” என்று மேனேஜர் என்னைக் கேட்டார். என் பத்து வருட சர்வீஸில் லிஃப்ட் சம்பந்தமாக அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி. நான்கு ஆடுகளை வெளியே தள்ளினோம், மணி நின்றது, லிஃப்ட் கிளம்பியது. வெளியே தள்ளப்பட்ட நான்கும் போட்ட கூச்சலில், ரோட்டில் பின்தங்கி வந்துகொண்டிருந்த மேடமும் மிஸ்ஸும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே. வாட்ச்மேன் பயந்துபோய், ஓடிப்போய், கட்டடத்தின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டான். “எல்லாத்தையும் ஆஃப் பண்ணா மாடும் நின்னுடும்னு நெனச்சேன் சார்,” என்று பிறகு சொன்னான். மாடும் நின்றதுதான். நின்று, பிறகு ஸ்விட்ச் ரூம் வாசலிலேயே வசதியாகப் படுத்துக்கொண்டது. யாரும் உள்ளே போக முடியவில்லை.

நாங்கள் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில். இருட்டு. நான், மேனேஜர், ஐந்து ஆடுகள்.

“சார், நீங்கதானே என்ஜினியர், திறங்க சார்!”

“உள்ள இருந்து திறக்கக் கூடாதுன்னு உங்க சுவர்ல நான்தான் எழுதி ஒட்டியிருக்கேன்.”

“அந்தப் பேட்டரி...”

“எப்பத் தேவைப்படப் போகுதுன்னு கேட்டீங்களே, இப்ப.”

அவருக்கு மூடிய இடம் என்றால் பயமாம். மூச்சு வாங்க ஆரம்பித்தார். நான் ஒன்றும் செய்யவில்லை. ஆடுகள்தான் அவரை நெருக்கின, இடம் அவ்வளவுதானே. கொஞ்ச நேரத்தில் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பட்டன் அவர் மடியில். மூச்சு சீராகிவிட்டது. இருட்டில் திடீரென்று, “என்ன சார் சாப்பிட்டீங்க?” என்றார். மாமா, எல்லாரும் சாப்பிட்டீங்களா சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க, நானும் ஆச்சு ஆச்சுன்னு சொல்லிட்டேன். என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டது அவர் ஒருத்தர்தான். “பிஸ்கட்,” என்றேன். “யாரோட?” “இவங்களோட.” கீழ மாடு எழுந்து வழி விட்ட பிறகுதான் கரண்ட் வந்துச்சு. கதவு திறந்தபோது பட்டனைக் கீழே விட அவருக்கு மனசில்ல. இப்ப தினமும் ஆபீஸ் முடிஞ்சதும் ஒரு டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வர்றார். பேட்டரிக்கும் ஆர்டர் போட்டுட்டார். “ஆட்டோட மட்டும் வராதீங்க சார்” என்று கம்பெனி எனக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான், வேலைக்கு ஆபத்தில்லை.

ஆகையால் மாமா, உங்கள் லாரியைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, தொழில்நுட்ப ரீதியாகச் சொல்கிறேன். ஆடுகளை லாரியில் ஏற்ற வேண்டுமென்றால் முதலில் நான் ஏற வேண்டும். நான் ஏறினால் ஆடுகள் ஏறும். ஆடுகள் ஏறினால் மேடம் ஏறப் பார்ப்பாள். மேடம் ஏறினால் மிஸ். வியாபாரி போய் இறக்கும்போது நான் இறங்காமல் ஆடு இறங்காது. கடைசியில் அவர் என்னையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டியிருக்கும், எனக்கு என்ன விலை வரும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இல்லை. அண்ணன் வீட்டுக்கும் நான் போவதாக இல்லை. அங்கே என்னைப் பார்த்துக்கொள்வார்கள், அது சரிதான், பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் மகள் தொடங்கிய காரியம் பாதியில் நிற்கக் கூடாது. எனக்கு இங்கே எந்தக் குறையும் இல்லை. சாப்பாடு வருகிறது, துணைக்கு ஆள் இருக்கிறது, மொத்தம் பதினொரு பேர். யாரும் வந்து என்னைப் பார்க்க வேண்டாம். முக்கியமாக நீங்கள் வரவே வேண்டாம், வந்தால் காரைப் பார்ப்பீர்கள்.

அத்தையிடம் நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று சொல்லுங்கள். அவர் நம்பாவிட்டால் இரண்டு முறை சொல்லுங்கள். உங்கள் உடம்பும் அத்தையின் உடம்பும் எந்த டெஸ்டிலும் ஃபெயிலாகாமல் இருக்க வேண்டும் என்று பட்டியில் உள்ள அனைவரின் சார்பிலும் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் மூன்றாவது முறை வேறு வழியில்லாமல் பாஸ் போட்ட,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதினது எல்லாத்தையும் அடிச்சிடுங்க. லாரி வரட்டும். ஞாயிறு காலைலயே வரட்டும். ஆனா காலியா வர வேண்டாம். உங்க கட்டில், அத்தையோட மிக்ஸி, உங்க சாய்வு நாற்காலி, அந்தப் பழைய கார் ஹார்ன் கலெக்ஷன், எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு முன் சீட்டுல நீங்க ரெண்டு பேரும் வாங்க. இங்க இறக்கிட்டு லாரி காலியா திரும்பிப் போகட்டும், வியாபாரிகிட்ட நான் பேசிக்கிறேன். விஷயம் இதுதான். நான் வேலைக்குப் போயாகணும், நான் போனா ஆடுங்களுக்கு மாடு இல்ல. மேடத்தோட மறுபடி முதல்ல இருந்து அடைச்சு வைக்கணும், இந்தத் தடவை நான் இல்லாம. என்னால அந்தக் கதவுக்கு வெளிய நிக்க முடியல மாமா, ரெண்டு தடவை முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், பட்டன் கத்தினதும் உள்ள போயிடுறேன். வாசல்ல நின்னு என்னைத் திருப்பி அனுப்ப ஒரு ஆள் வேணும். என்னைத் திருப்பி அனுப்புறதுல உங்களை விட அனுபவம் உள்ளவங்க யாரு? அப்புறம், அத்தை உங்களைப் பத்தி எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டாங்க, கோச்சுக்காதீங்க. நீங்க தினமும் சாயங்காலம் ஷெட்டுக்குள்ள காரை ஸ்டார்ட்கூடப் பண்ணாம, சீட் பெல்ட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்களாமே. நானும் ஷெட்டுல, நீங்களும் ஷெட்டுல. தனித்தனி ஷெட் எதுக்கு? முன்னறை சின்னதுதான். முதல் சில நாள் நீங்க சன்னல் ஓரம், நான் கதவு ஓரம். உதைப்பீங்க, தெரியும். நடுவுல அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில அத்தை உக்காரட்டும். நீங்க எனக்காக எதுவும் பண்ண வேண்டாம். எப்பவும் போல உங்களுக்காகவே முறைச்சுக்கிட்டு இருங்க, நான் பின்னாடி நின்னுக்கிறேன். ஆடு யாருன்னு உங்க பொண்ணு முடிவு பண்ணிட்டுத்தான் போனா. இதைப் படிச்சதும் முடியாதுன்னு சொல்ல எனக்குப் போன் போடுவீங்க. போனை அணைச்சு வெச்சிட்டேன்.